கிளி வாங்கும் முன் ஒரு கூண்டை வந்து பார்

மாட்டுங்கா,
ஞாயிற்றுக்கிழமை காலை

என் அன்பு மகனுக்கு,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. இங்கே என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். நீயும் செண்பகமும் அம்பர்நாத் குவார்ட்டர்ஸில் ஒழுங்காகச் சமைத்துச் சாப்பிடுகிறீர்கள் என்று படித்ததில் ஒரு கவலை விட்டது. மறுநாளே பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று நாள் உட்கார்ந்தும் 'அன்பு மகனுக்கு' என்பதற்கு மேல் பேனா நகரவில்லை. இந்த வயதில் மனுஷனுக்கு உடம்பு மட்டும் அசருவதில்லை, ஒன்றை மறைத்து மறைத்து மனசும் அசந்துபோகிறது. இன்றைக்கு எழுதாவிட்டால் இனி எழுதமாட்டேன் என்று பட்டதால், காப்பி குடித்த கையோடு உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொண்டு படி.

செண்பகம் ஒரு கிளி வளர்க்க ஆசைப்படுகிறாள் என்றும், கிராஃபோர்டு மார்க்கெட்டில் போய்ப் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தாய். அதற்கு ஒரு தபால் கார்டில் பதில் எழுதியிருப்பேன். ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாயே, 'இந்தத் தடவை கொக்கியை நான் ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறேன் அப்பா' என்று, அந்த ஒரு வரிதான் என்னை மூன்று நாள் தூங்கவிடவில்லை. நீ அதை விளையாட்டாக எழுதினாயோ என்னவோ தெரியாது. கல்யாணமாகி வந்த புதிதில் செண்பகம் சொல்லிச் சிரித்தாள், வெளியே கிளம்பும்போதெல்லாம் நீ பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறாயாம், பாதி வழியில் திரும்பி வந்தும் பார்க்கிறாயாம். அன்றைக்கு உன் மாமனார் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

முதலில் கிளி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுக் கிளியை நான் வாங்கிய லட்சணம் உனக்கு ஞாபகம் இருக்கும். தோளில் கம்பு வைத்து, அதில் கூண்டுகளைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒருவன், அறைக்கு ஒரு குடும்பமாக இருக்கிற நம் சால் வாசலுக்கு வந்தான். இறகு சரியாக முளைக்காத குஞ்சு ஒன்று உன்னைப் பார்த்து வாயைத் திறந்தது. நீ என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாய். எனக்கு அன்றைக்கு வார லீவு, கையில் டீ கிளாஸ் இருந்தது. அந்த டீ ஆறுவதற்குள் முடிவெடுத்துவிட்டேன். வீட்டுக்கு ஒரு குடம் வாங்கினால்கூட உன் அம்மா நாலு கடை ஏறித் தட்டிப் பார்த்து வாங்குவாள். முப்பது வருஷம் உயிரோடு இருக்கக்கூடிய ஒன்றை நான் டீ குடிக்கிற நேரத்தில் வாங்கினேன். அது முப்பது வருஷம் இருக்கும் என்பதே எனக்கு அப்போது தெரியாது. யாரையாவது கேட்டோமா, எங்கே வைப்பது, யார் பார்த்துக்கொள்வது என்று யோசித்தோமா, ஒன்றும் கிடையாது. கூண்டை மட்டும் நான்கு நாள் கழித்துத் தேடி வாங்கினோம், அதிலும் கதவுக் கொக்கி உடைந்திருந்தது. பட்டறையிலிருந்து நான் கொண்டுவந்த கம்பித் துண்டை வளைத்து நீதான் அதற்கு ஒரு கொக்கி செய்தாய்.

உனக்காக வாங்கிய கிளி உன் அம்மாவுக்குச் சொந்தமாகிவிட்டது. அதை நீயும் நானும் முடிவு செய்யவில்லை, கிளியே முடிவு செய்தது. அவள் அரிசி புடைக்கும்போது தோளில் உட்கார்ந்து அவள் கம்மலைக் கொத்தும். அவள் குழாயடிக்குப் போய்த் திரும்புவதற்குள் சால் இடிந்து விழுகிற மாதிரி கத்தும். உன்னைப் பொறுத்துக்கொண்டது, என்னைக் கடித்தது. என் கட்டைவிரலில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. நீ வாங்கினால் உங்கள் வீட்டிலும் இதுதான் நடக்கும். நீ இரண்டாம் ஷிப்டும் மூன்றாம் ஷிப்டும் மாறி மாறிப் போகிறவன். நாள் முழுக்க வீட்டில் இருப்பவள் செண்பகம். அது அவளைத்தான் பிடித்துக்கொள்ளும். அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அவள் ஐப்பசியில் பிரசவத்துக்குத் திருநெல்வேலி போகிறாளே, அதை யோசித்தாயா? ஏழாம் மாதம் போனால் பிள்ளைக்குத் தலை நின்று, வெயில் தாழ்ந்துதான் அனுப்புவார்கள். எட்டு மாதம் என்று வைத்துக்கொள். அந்த எட்டு மாதமும் அந்த அறையில் நீயும் கிளியும்தான். நம்மைப் போலப் பம்பாயில் பிழைக்கிறவர்கள் எல்லோரும் இந்தக் கணக்கைத்தான் விட்டுவிடுகிறோம். வீட்டுப் பெண்கள் வருஷத்தில் பாதியை ஊரில் கழிக்கிறார்கள், ஆண்கள் வீட்டில் இருப்பதே தூங்குவதற்குத்தான்.

இனிமேல் எழுதப்போவதுதான் நான் உனக்குச் சொல்லாதது.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று சொல்லி, சாலில் எல்லோரும் பெண்டு பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிய வருஷம் அது. உங்கள் இருவரையும் நானும் ரயிலேற்றினேன். கூட்டத்தில் நெரிபட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த உன் அம்மா என்னிடம் பணத்தைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ பேசவில்லை. "அத ஒத்தையில போட்டுராதிய. காலம்பற ஜன்னலத் தொறந்து வச்சிட்டுப் போங்க. வெளிச்சம் பட்டாத்தான் அது தின்னும்" என்றாள். சரி சரி என்று தலையாட்டினேன். நீ அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "கொக்கி அடிய கூண்டுக் கம்பியில மூணு முறுக்கு முறுக்கி வச்சிருக்கேன், கழண்டு வராது, பயப்படாதிய" என்றாய். உனக்கு அப்போது பதின்மூன்று வயது.

அந்த வாரமே விளக்கு வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று, விமானத் தாக்குதல் காவலுக்குப் போட்டிருந்த வார்டன் வந்து ஒவ்வொரு அறையாகச் சொல்லிவிட்டுப் போனார். குடும்பம் தங்கியிருந்த அறைகளில் கறுப்புத் துணி தைத்துக் கட்டினார்கள், காலையில் அதைச் சுருட்டி மேலே செருகிவிடுவார்கள். என்னைப் போலத் தனியாக நின்றுபோன ஆண்களுக்கு அந்தப் பொறுமை ஏது? மைதாப் பசை கிண்டி, கறுப்புக் காகிதத்தை ஜன்னல் முழுக்க ஒட்டினோம். ஒட்டிய பிறகு ஜன்னலைத் திறக்க முடியாது, திறந்தால் காகிதம் கிழியும். யாருக்கு வேண்டும் வெளிச்சம்? காலை ஏழரைச் சங்குக்குப் பட்டறையில் இருக்க வேண்டும், யுத்த வேலை என்று சொல்லி ஏழு மணிக்குத்தான் விடுவார்கள். நான் இருட்டில் எழுந்து போய் இருட்டில் திரும்பி வந்தேன். அறை பகலில் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. கிளி அதற்குள்தான் இருந்தது.

உன் அம்மா சொன்னதை நான் மறந்தேன் என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். மறக்கவில்லை. தினமும் சாவியைத் திருப்பும்போது ஞாபகம் வரும். ஞாயிற்றுக்கிழமை ஒரு பக்கத்தைக் கிழித்துத் துணி கட்டிவிடலாம் என்று நினைப்பேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அசந்து தூங்கிவிடுவேன். ஆசையோடு பார்த்துக்கொள்ளாததுகூடப் பெரிய குற்றமில்லை மகனே, ஞாபகம் இருந்தும் செய்யாமல் விட்டேனே, அதுதான் குற்றம்.

முதலில் அது நாள் முழுக்கக் கத்தியது. பக்கத்து அறை மராட்டிக்காரம்மா, ஊருக்குப் போக வழியில்லாமல் தங்கிவிட்டவள், ஒருநாள் வாசலில் என்னை நிறுத்தினாள். "அண்ணா, ஆப்கா தோத்தா தின்பர் ரோதா ஹை" என்றாள். கிளி கத்துகிறது என்று அவள் சொல்லவில்லை, நாள் முழுக்க அழுகிறது என்றாள். எனக்குக் கோபம் வந்தது. யுத்தக் காலத்தில் கிளி அழுதால் என்ன என்று முனகிக்கொண்டே உள்ளே போனேன். பிறகு கத்துவதும் நின்றது. அப்பாடா, பழகிவிட்டது என்று நினைத்தேன். ஒருநாள் கூண்டின் அடியில் பச்சையாகக் குவிந்து கிடந்ததைப் பார்த்து, மிளகாயைத்தான் கொத்திப் போட்டிருக்கிறது என்று எண்ணி விளக்கைக் கிட்டே கொண்டுபோனேன். அத்தனையும் இறகு. தன் மார்பில் இருந்த இறகை அதுவே பிடுங்கிப் போட்டிருந்தது. மார்பு முழுக்க வெறும் தோல், நடுவில் ஒரு புண். பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் தடவினேன். அதன் பிறகு தொடைப் பக்கமும் பிடுங்க ஆரம்பித்தது.

நான் அந்த வாரம் உங்களுக்கு எழுதிய கடிதத்தில் 'கிளி சுகம்' என்று எழுதினேன். நீ உன் அம்மா கடிதத்தின் ஓரத்தில் கோணல் எழுத்தில் கேட்பாயே, அதற்கு மிளகாய் போட்டீர்களா, கொய்யா கிடைக்கிறதா என்று, அத்தனைக்கும் நான் 'சுகம்' என்று எழுதினேன்.

தாராவியில் தோல் பெல்ட் தைக்கிற மீரான் பாயை உனக்கு லேசாக ஞாபகம் இருக்கலாம். மேலப்பாளையத்துக்காரர், உன் பள்ளிக்கூடப் பைக்கு வார் தைத்துக் கொடுத்தவர். பறவை வளர்த்துப் பழகினவர் என்று கேள்விப்பட்டு, கூண்டைச் சாக்கால் மூடி அவர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் சாக்கை எடுத்தார், கிளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எங்க வச்சிருந்திய அண்ணாச்சி?" என்றார். ஜன்னல் காகிதத்தைப் பற்றிச் சொன்னேன். "நோவு ஒண்ணுமில்ல. பகலுன்னு ஒண்ணு இருக்குங்கதே இதுக்கு மறந்துபோச்சு" என்று சொல்லிக் கூண்டைக் கொண்டுபோய்க் கடை வாசலில் வெயில் விழும் இடத்தில் வைத்தார். கிளி கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் பாட்டுக்குத் தோலைத் தட்ட ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் போனபோது கடலை தின்றுகொண்டிருந்தது. கொண்டுபோகட்டுமா என்று கேட்டேன். "தாராளமாக் கொண்டுபோங்க. பகல்ல யாரு இருப்பா?" என்றார். அவர் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டார். கூண்டைத் தூக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். அவர் மறுபடி வேலையில் குனிந்துவிட்டார். கிளியை நான் அவருக்குக் கொடுத்தது அப்படித்தான். அதன் நன்மைக்காகக் கொடுத்தேன் என்று உன்னிடம் பெருமை பேச எனக்கு யோக்கியதை இல்லை. திரும்பி வரும்போது கை காலியாக இருந்தது, மனசு லேசாக இருந்தது, வந்து படுத்துத் தூங்கினேன்.

இரண்டு வருஷம் கழித்து நீங்கள் திரும்பி வந்தீர்கள். பெட்டியை இறக்குவதற்கு முன்னால் நீ கேட்டாய், கூண்டு எங்கே என்று. கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம். அந்த வெறும் மார்பை உன் அம்மா பார்ப்பாளே என்று பயந்தேன். அந்த இறகு அப்புறம் முளைக்கவே இல்லை. அதனால், "கதவு எப்படியோ திறந்துபோச்சுல, பறந்துபோச்சு. காலிக் கூண்ட பழைய இரும்பு வாங்குற பங்கார்வாலா கிட்டப் போட்டுட்டேன்" என்றேன். நீங்கள் வருவதற்கு முன்பே ஒரு பொய்யை யோசித்து வைத்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பேன். வாயில் வந்தது அதுதான். நீ உன் விரல்களைப் பார்த்தாய். பிறகு, "நாந்தாம்ப்பா சரியா முறுக்கல. ரயிலுக்கு நேரமாச்சுன்னு ரெண்டு முறுக்கோட விட்டுட்டேன் போல" என்றாய். அந்த நிமிஷமாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'சரி விடுல, போனது போச்சு' என்று சொல்லி உன் தலையைத் தடவினேன். உன்னை நான் மன்னித்த மாதிரி நடந்துகொண்டேன். என் ஐம்பத்து நாலு வயதில் இதைவிடக் கேவலமாக நான் எதையும் செய்ததில்லை.

போன மாதம் மீரான் பாய் பட்டறை வாசலுக்கு ஆள் அனுப்பினார். ஏழு வருஷமாக நான் அந்தப் பக்கம் போனது நாலைந்து தடவைதான். போகும்போதெல்லாம் கிளி என்னைக் கண்டதும் கூண்டின் பின்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். மற்ற யார் வந்தாலும் முன்னால் வரும். பேசுவதை அடியோடு விட்டுவிட்டது, பாய் தோலைத் தட்டும் சத்தத்தை மட்டும் அப்படியே திருப்பிச் சொல்கிறது. பாய்க்குக் கண் பார்வை மங்கிவிட்டது, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கடையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு இருக்க மேலப்பாளையம் போகிறார். இரண்டு ராத்திரி ரயிலில் கிளி தாங்காது, என்ன செய்யலாம் என்று கேட்டார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது, "உங்க வீட்டுல இருந்தாவன்னா அவியளே கொண்டுபோயிருப்பாவ" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை, கிளி இங்கே இருந்தது உன் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அவர்தான் சொன்னார். நீங்கள் திரும்பி வந்த அந்த வருஷமே, உன் பையின் வார் அறுந்து, தைத்து வாங்க உன் அம்மா அவர் கடைக்குப் போயிருக்கிறாள். கிளியை முதலில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லையாம், மார்பு அப்படி இருந்ததால். கொக்கியைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள். அங்கேயே உட்கார்ந்து அழுதாளாம். அதன் பிறகு சாகிற வரைக்கும் மாதம் ஒரு தடவை பச்சை மிளகாயை முந்தானையில் முடிந்துகொண்டு போயிருக்கிறாள். காய்கறி வாங்கப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனதெல்லாம் அங்கேதான். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள் என்று பாய் சொன்னதற்கு, "வேண்டாம் பாய். அவிய வாயால அவிய சொல்லட்டும்" என்றாளாம். மூன்று வருஷம் காத்திருந்தாள். நான் சொல்லவில்லை. நானாகச் சொல்லட்டும் என்று அவள் உன்னிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். சொல்லியிருந்தால் கொக்கியைப் பற்றி நீ அப்படி ஒரு வரி எழுதியிருக்கமாட்டாய். அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது சொல்கிறேன். அவளுக்கு இது போதாது.

ஆகையால் மார்க்கெட்டுக்குப் போகவேண்டாம். கிளி வேண்டும் என்றால் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதை எடுத்துக்கொள் என்றும் நான் சொல்லவில்லை. அது அழகாக இல்லை, பேசாது, கடிக்கும், உன்னை ஞாபகம் வைத்திருக்காது. செண்பகம் ஆசைப்பட்டது இப்படி ஒரு கிளிக்கு இல்லை. அதற்கு இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் ஆயுசு இருக்கிறது என்கிறார் பாய். பிறக்கப்போகிற உன் பிள்ளைக்கு மீசை முளைக்கும்போதும் அது இருக்கும். முதலில் ஒன்று செய். கூண்டு வைக்கலாம் என்று நினைக்கிற இடத்தில் ஒரு காலித் தகர டப்பாவைத் தொங்கவிடு. தினமும் காலையில் அதில் இருக்கிற தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்று, அடியில் விரித்த காகிதத்தை மாற்று, ஜன்னலைத் திற. மூன்றாம் ஷிப்ட் முடிந்து கண் எரிய வீட்டுக்கு வருகிற அன்றைக்கும் செய். உள்ளே உயிர் எதுவும் இல்லாத டப்பாவுக்கு ஒரு மாதம் சலிக்காமல் இதைச் செய்ய முடிந்தால், நீ என்னைவிட நல்லவன், உன்னால் முடியும். பாதியில் விட்டால் வெட்கப்படாதே, அப்படியே எனக்கு ஒரு கார்டு போடு. ஆசை இல்லாதவன் என்று யாரும் உன்னைச் சொல்லமாட்டார்கள். முடியாது என்று முன்னாலேயே சொல்லிவிடுவதும் ஒரு மரியாதைதான், எனக்கு அது அப்போது தெரியவில்லை.

நீ வேண்டாம் என்றால் நான் எடுத்துக்கொள்கிறேன். அடுத்த மாதத்தோடு எனக்கு வேலை முடிகிறது, அதன் பிறகு பகல் முழுக்க இந்த அறையில் நான்தான். அதற்கு என்னைப் பிடிக்காது, பரவாயில்லை. பின்பக்கம் ஒதுங்கி நிற்கட்டும், வெளிச்சமாவது கிடைக்கும். நேற்று ஜன்னல் சட்டத்தில் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்த கறுப்புக் காகிதத்தைச் சுரண்டி எடுத்தேன், பசை கல்லாக இறுகிப்போயிருந்தது. ஆனால் எனக்குப் பிறகு யார் என்பதற்கு நீ பதில் யோசித்து வைக்க வேண்டும். அதைக் கேட்காமல் கொடுத்தால் நான் மறுபடியும் அதே தப்பைச் செய்தவன் ஆவேன்.

பாய் அடுத்த மாதக் கடைசியில் கிளம்புகிறார். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. கிளியைக் கொண்டுபோக வரவேண்டாம், என்னை மன்னிக்கவும் வரவேண்டாம், அதை நான் கேட்கவில்லை. தாராவியில் அந்தக் கடை வாசலில் கூண்டு தொங்கும். அதே பழைய கூண்டுதான், பங்கார்வாலாவிடம் போகவே இல்லை. பக்கத்தில் நின்று கதவைப் பார். நீ வளைத்த கம்பியை இந்த ஏழு வருஷத்தில் யாரும் மாற்றவில்லை, மாற்ற வேண்டிய தேவையும் வரவில்லை. போன வாரம் விரலால் தடவி எண்ணிப் பார்த்தேன் மகனே. மூன்று முறுக்கும் அப்படியே இருக்கிறது.

உன் அப்பா